திரையில் வந்த மழை

வேப்பனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தின் சன்னல்களை அடைத்திருக்கிறார்கள். இருட்டில் கணிப்பொறியின் திரை மட்டும் நீலமாக மிதக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய கணிப்பொறி நேற்றெல்லாம் போட்ட மழைக் கணக்கை ஊராருக்குக் காட்டத் தில்ஷாத் பிளாப்பித் தட்டில் கொண்டுவந்திருக்கிறாள். அந்தக் கணக்குக்கான நிரலை எழுதியவளும் அவள்தான். திரையில் மேகங்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் எல்லை மலைகளைத் தாண்டி, சத்தமில்லாமல் ஊர்ந்துவந்து ஊரின்மேல் கவிகின்றன. முன்னால் உட்கார்ந்திருக்கும் நஞ்சம்மாவின் மூக்குத்தியிலும் அவை ஊர்கின்றன. "இது எப்பம்மா?" என்கிறாள் நஞ்சம்மா. "இன்னைக்குச் சாயங்காலம்னு கணக்கு சொல்லுது. ஆனா..." அதற்குள் நஞ்சம்மா எழுந்துவிடுகிறாள். பஸ் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று தார் ரோட்டில் அவள் பரப்பிய ராகிக் கதிர் அப்படியே கிடக்கிறது. தில்ஷாத் பதறிப்போய் வெறுங்காலோடு பின்னால் ஓடுகிறாள். வெளியே கண் கூசும் வெயில். நஞ்சம்மா கதிரை வாரி வாரிக் கோணியில் திணிக்கிறாள். "வானத்தப் பாருங்கம்மா, ஒரு மேகம் இல்ல!" "நீதானேம்மா மழைன்னு சொன்ன?" நிமிராமலே கேட்கிறாள் நஞ்சம்மா. அந்தக் கணக்கை நம்பி இதுவரை யாரும் ஒரு பிடி தானியத்தைக்கூட நகர்த்தியதில்லை. தில்ஷாத் இன்னொரு முறை வானத்தைப் பார்க்கிறாள். பிறகு சுடும் தாரில் இறங்கி, அடுத்த கோணியின் வாயை விரித்துப் பிடிக்கிறாள்.