ஒரு சுற்று

அயனம்பாக்கம் ஏரியில் பாய்மரப் படகுப் பந்தயம். பெண் பார்க்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று பாடியிலிருந்து வழியெல்லாம் அலுத்துக்கொண்டே வந்த சரசாவுக்கு, வர்ஷாவின் படகு முதலில் போவதைப் பார்த்ததும் பெருமை தாங்கவில்லை.

"எம்மாம் வேகம் பாத்தியாடா! நம்ம ஊட்டுக்கு வரப்போற பொண்ணு!"

"காத்து ஜாஸ்தியா கீதும்மா," என்றான் மகன் பிரசன்னா, தொப்பியை இரண்டு கையாலும் அழுத்தியபடி.

"இறுக்கிப் புடிச்சுக்கோ."

பந்தயப் பாதையைக் காட்டும் கடைசி மிதவையைத் தாண்டியதும் வர்ஷாவின் படகு திடீரென்று ஒரு முழு வட்டம் அடித்தது. அதற்குள் பின்னால் வந்த படகு முந்திப் போய் ஜெயித்துவிட்டது.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே!" என்று தலையில் கை வைத்தாள் சரசா.

கரையேறிய வர்ஷா சிரித்தபடி வந்தாள். "மிதவையில இடிச்சிட்டேன் ஆன்ட்டி. இடிச்சா நாமளே ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போகணும். அதுதான் ரூல்."

"நடுவர் பாத்துட்டாரா?"

"இல்ல, யாருமே பாக்கல."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா சுத்தின?"

"இடிச்சது எனக்குத் தெரியுமே ஆன்ட்டி. விடுங்க, அடுத்த வாரம் ஜெயிச்சிடுவேன்."

சரசாவின் கண் பிரசன்னாவின் தொப்பி மேல் போனது. ஜாதகத்தோடு பெண் வீட்டுக்கு அவள் கொடுத்தனுப்பிய போட்டோ ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தது. அதில் பிரசன்னாவுக்குச் சுருள் சுருளாக முடி.

மகன் பக்கம் திரும்பினாள்.

"நைனா, நாமளும் ஒரு சுத்து சுத்திடுவோம். தொப்பியைக் கழட்டு!"