இருபதாவது நிமிடம்

சரியாக இருபதாவது நிமிடத்தில் அந்தப் பழைய பெட்ரோல் லாரி மறுபடியும் நின்றது.

மெக்கானிக் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டார். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற, அடிக்கடி தேய்கிற பழைய பாயிண்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டி மூன்று நாளாகிறது. சூடேறும்வரை சமர்த்தாக ஓடுகிறது. சூடேறினால் பொட்டென்று அணைந்துவிடுகிறது.

காயிலை மாற்றிப் பார்த்தார். புது இக்னிஷன் பெட்டியையே மாற்றிப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடக் கூடாதே என்று, கடைக்காரனைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

ஷெட் வாசலில், லாரிக்குச் சொந்தக்காரனான தங்கையின் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இந்த வேலையே வேண்டாம், வண்டியை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவன். இவர் கேட்கவில்லை. தாயில்லாப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப்போகிற வண்டி. தாய்மாமன் ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது அது நடுவழியில் நிற்கலாமா?

ஒருமுறை நின்றதே போதும்.

தங்கைக்கு மூச்சு முட்டிய அன்று, அவன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது பாதி வழியில், பாலத்தின் மேல் நின்றது. திரும்ப ஸ்டார்ட் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பாயிண்ட மாத்துன்னு எத்தன தடவ சொன்னேன்? உன் சோம்பேறித்தனம்தான்டா அவளக் கொன்னுச்சு!"

சாவு வீட்டில், அத்தனை பேர் நடுவில் இவர் அப்படிக் கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதினோரு மாதமாக நிமிரவில்லை. வண்டியையும் தொடவில்லை.

மெக்கானிக் மீட்டரை எடுத்தார். காயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஐந்துதான் வந்தது. அப்படியானால் குற்றம் புதுப் பெட்டியில் இல்லை. பழைய பாயிண்டிலும் இருந்திருக்காது. சாவி ஸ்விட்சிலிருந்து வருகிற வயரில் இருக்கிறது.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வயரைத் தடவிக்கொண்டே போனார். சாவிக்குப் பின்னால் ஓரிடம் விரலைச் சுட்டது. ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. சூடேற ஏறத் தளர்ந்துகொண்டிருந்தது.

எந்த மடையன் செய்த வேலை என்று வாய்வரை வந்துவிட்டது.

டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. திரும்பவும் பிரித்துச் சரியாகச் செய்ய வேண்டிய இணைப்புக்கு மட்டும் அவர் அப்படி மடித்துவிடுவார். வேறு யாரும் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை.

இந்த வண்டிக்கு அவர் புதுச் சாவி ஸ்விட்ச் மாட்டிய அன்று, ஈயத்தைக் கையில் எடுத்தபோதுதான் தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, சாப்பாடு ஆறுது, வா."

சாப்பிட்டுவிட்டு வந்து வைத்துக்கொள்ளலாம் என்று போனார். வயிறு நிறையச் சாப்பிட்டார். மறந்தேபோனார்.

அடுத்த வாரம்தான் அந்தப் பாலம்.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. வயரைப் பிடித்தபடியே, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தங்கையின் புருஷன் பக்கத்தில் வந்து குனிந்தான். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வயரை விடுவித்தான்.

"இத நான் பாலத்து மேலயே பாத்துட்டேன் மச்சான். அதான் வேணாம்னு சொன்னேன்."