தேவையற்ற வேலைகள்

ரெஜினாவுக்கு ஒரு வாரமாகப் பகலில் திடீர் திடீரென்று காது கேட்காமல் போனது. டாக்டர் அவளுடைய காதுக் கருவியைச் சோதித்துவிட்டு, "இதுல ஒரு குறையும் இல்ல. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாருங்க" என்றார். வீட்டில் குழாய், ஃப்ரிட்ஜ், அவள் காது எல்லாவற்றையும் ஓட்டியது அந்த ஒரே கம்ப்யூட்டர்தான். அவள் கணவன் பிரிட்டோ கிடார் வாசித்துப் பாட்டுப் பதிவு செய்வதும் அதில்தான்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். பாட்டில் இரைச்சல் விழாமலிருக்க, பதிவு நேரத்தில் நிறுத்த வேண்டிய தேவையற்ற வேலைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. மூன்றாவது வரியில் அவள் காது.

"அது மெஷினாப் போட்ட லிஸ்ட், ரெஜி. நான் கவனிக்கல" என்றான் பிரிட்டோ.

"அப்போ மீன்தொட்டி மோட்டாரை மட்டும் லிஸ்ட்லருந்து யார் எடுத்துவிட்டது?"

"நான்தான். மீன் செத்துடும்ல."

ரெஜினா திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நேத்து எங்கம்மா போன்ல அழுதுட்டிருந்தாங்க. பாதியில சத்தம் நின்னுபோச்சு. அவங்கதான் வச்சுட்டாங்கன்னு நினைச்சு நானும் வச்சுட்டேன். உங்களுக்கு மீன் மட்டும்தான் கண்ணுல பட்டுதா?"

அவன் தலையைச் சொறிந்தான். "உன் காதையும் ஓடவிட்டா பாட்டுல இரைச்சல் விழுமே."

"விழட்டும்."

மூன்றாவது வரியை அவளே அழித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வாசிங்க" என்றாள். அவன் வாசிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழுந்தது. பிரிட்டோ முகம் சுளித்தான்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள் ரெஜினா. "மேல வாசிங்க."