துவைகல்லோரக் கீரை

காலராவுக்குப் பயந்து இண்டூர்ப் பக்கமிருந்து பஸ் வருவது நின்று ஒரு மாதமாகிறது. சேர்த்து வைத்த கேழ்வரகு மாவு இன்று காலையோடு தீர்ந்துவிட்டது. சவேரியம்மாள் உச்சி வெயிலில் கொல்லையில் நிற்கிறாள். பஸ் நின்ற அன்றைக்கே அவள் விதைத்த தண்டுக்கீரை தண்ணீர் காணாமல் விரலளவில் வெளுத்துக் கிடக்கிறது. துவைகல்லின் ஓரத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று வளர்ந்து, இலைக்கு இலை வெயில் மினுங்க நிற்கிறது. "அம்மா, இதப் புடுங்கட்டுமா?" என்று மகள் லூர்து குனிகிறாள். சவேரியம்மாள் அவள் கையைத் தட்டிவிடுகிறாள். "தொடாத. உங்கப்பன் துணி அலசுன தண்ணி ஓடுன எடம் அது." அவனைப் புதைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. கல்லின் மேல் கொட்டிய பிளீச்சிங் பவுடர் இன்னும் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. லூர்து அழவில்லை. கீரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் வெறும் உலை கொதிக்கும் சத்தம் கொல்லை வரைக்கும் கேட்கிறது. "நல்லாக் கொதிக்க வெச்சா ஒண்ணும் பண்ணாதுன்னு ஊசி போட வந்தவரு சொன்னாருல்லம்மா?" சவேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு கல்லோரத்தில் குந்துகிறாள். முதல் தண்டைப் பிடித்து இழுக்கிறாள். வேரில் சிக்கிக்கொண்டு சட்டைப் பொத்தான் ஒன்று மேலே வருகிறது. அதை மண் தட்டி, கீரையோடு கீரையாக மடியில் போட்டுக்கொள்கிறாள்.