நாற்பத்தெட்டு கிலோ

“இந்த ஃபிளைட்ல ஏத்தினீங்கன்னா, பிள்ளைங்க தோத்துட்டுத்தான் இறங்குவாங்க மாஸ்டர்.”

சொல்லிவிட்டு, கராத்தே மாஸ்டர் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய பயணத் திட்டத்தை மேசைமேல் அவர் பக்கமே நகர்த்தி வைத்தார் டிக்கெட்டம்மா. விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அவரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடமாகக் கை காலை வீசக் கற்றுக்கொடுக்கிறவர். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தனக்குத் தோல்வியைப் பற்றிச் சொல்வதா? ஆனாலும் எழுந்து போகவில்லை. வெளிநாட்டு டிக்கெட் என்றால் இவரிடம்தான் போக வேண்டும் என்று பெற்றோர்கள் ஒரே பிடியாக நின்று அனுப்பியிருந்தார்கள்.

வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்குப் போகிற மாணவர்கள் பதினொரு பேர். இரண்டு விமானம், நடுவே ஒன்றரை மணி நேர இடைவெளி, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் இருபத்திரண்டு மணி நேரப் பயணம். காலை ஆறுக்கு இறங்கி, ஒன்பதுக்குப் போட்டிக்கான எடை பார்க்கும் இடத்தில் போய் நிற்பது. அதுதான் திட்டம்.

“இறங்கின அன்னிக்கே எடையா? யாருக்காவது எடையில இழுபறி இருக்கா?”

மாஸ்டர் கடுகைப் பற்றிச் சொன்னார்.

கடுகு என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்த பெயர். நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் போன வருடத்துக்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்து முதலிடம். போன வருடப் பயணத்தில், எடை ஏறிவிடுமோ என்று பயந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மாஸ்டர். சொன்னதைத் தட்டாத பெண். இறங்கும்போது கால் இரண்டும் வீங்கி, ஷூ நுழையவில்லை. எடை பார்த்தால் முந்நூறு கிராம் கூடுதல். இரண்டு மேல்கோட்டை மாட்டி மாடிப்படியில் ஓட விட்டார். கழிப்பறையில் வைத்துத் தோழிகள் அவள் பின்னலைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். கடைசி நூறு கிராம் மட்டும் இறங்கவே இல்லை. பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அத்தனை தூரம் பறந்துபோய், ஓர் உதைகூட உதைக்காமல் திரும்பி வந்தாள்.

“இந்த வருஷமும் போச்சுன்னா அவளுக்கு வயசு தாண்டிடும்மா. அப்புறம் இந்தப் பிரிவுல நிக்கவே முடியாது.”

டிக்கெட்டம்மா கைக்கு வேலை வேண்டும்போல மேசையிலிருந்த பேனாக்களை ஒரே வரிசையாக அடுக்கினார்.

“தண்ணி குடிக்க விடாததுதான் தப்பு மாஸ்டர். உடம்பு பயந்துபோய், இருக்கறதை இறுக்கிப் பிடிச்சுக்கும்,” என்றவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

அதன்பிறகு மாஸ்டர் மாணவராகிவிட்டார். எடைக்கு இரண்டு நாள் முன்பே போய் இறங்க வேண்டும் என்றார் அந்த அம்மா. நடுவே ஐந்து மணி நேரம் கிடைக்கிற விமானமாகப் பார்த்து எடுத்தார். பிள்ளைகள் நடக்கலாம், சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கலாம். உப்புக் குறைந்த சாப்பாட்டை இப்போதே பதிந்து வைக்க வேண்டும், விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது. போட்டி உடையும் பல்காப்பும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் சண்டை நிற்காது.

தொண்ணூறு கிலோ பையன் ஒருவனை மலை என்று கூப்பிடுவதாகவும், கடுகுக்குப் பக்கத்தில் அவனைத் துணைக்கு உட்கார வைக்கப்போவதாகவும் மாஸ்டர் சொன்னார்.

“அவன் நல்லா சாப்பிடுவானா?”

“அதைத் தவிர வேற ஒண்ணும் ஒழுங்கா செய்யமாட்டான்.”

“அப்போ அவனைப் பத்து வரிசை தள்ளிப் போடறேன். அவன் தட்டைப் பாத்தே அந்தப் பொண்ணு ஏங்கிப்போயிடும். கடுகுக்கு நடைபாதை ஓரம். ரெண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கணும்.”

கூடுதலாக இரண்டு ராத்திரி எங்கே தங்குவது என்று மாஸ்டர் கேட்கும் முன்பே, டிக்கெட்டம்மா போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டுவிட்டார். கொஞ்சம் கெஞ்சினார், கொஞ்சம் அதட்டினார். பயிற்சிக் கூடத்தில் மெத்தை விரித்துத் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மாஸ்டருக்கு வியப்பு அடங்கவில்லை. அவர் இத்தனை வருடம் உதையைத்தான் பார்த்தார். உதைக்கிற கால் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை இந்த அம்மா பார்த்திருக்கிறார்.

“உங்க வீட்ல யாராவது விளையாடறாங்களா?”

“ஒரே பொண்ணு. வெளியூர்ல தங்கிப் படிக்கிறா. அங்க ஒரு மாஸ்டர்கிட்ட கத்துக்கிறா. அவளும் இந்தப் போட்டிக்குத்தான் வர்றா.”

“அப்படியா? என்ன பிரிவு?”

“நாப்பத்தெட்டு கிலோ.”

மாஸ்டரின் கை தாளின்மேல் அப்படியே நின்றது. கடுகின் எடை, அவள் பயம், எந்த இருக்கை, என்ன சாப்பாடு என்று ஒன்று விடாமல் எதிராளி வீட்டிலேயே ஒப்படைத்துவிட்டோமே என்று அந்தத் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டிக்கெட்டம்மா டிக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

“போன வருஷம் உங்க கடுகு இல்லாத போட்டியில முதலாவதா வந்தது என் பொண்ணுதான் மாஸ்டர். அவளோட மோதாம வாங்கினது எனக்கு எதுக்குன்னு, அந்த மெடலை இன்னிவரைக்கும் கழுத்துல போட்டுக்கலை.”