பாதியில் நின்ற பெனால்டி

"ஸ்டாப்வாட்ச் இன்னைக்கு என்ன சொன்னார் தெரியுமா? பாத்ரூம் போகணும்னா முன்கூட்டியே சொல்லணுமாம்!"

வாயாடி சாப்பாட்டு டப்பாவை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

தூங்குமூஞ்சி சிரித்தாள். இருவரும் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கால் சென்டரில் பக்கத்துப் பக்கத்து சீட். ஸ்டாப்வாட்ச், அவர்களுடைய மேனேஜர். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நொடிக்கணக்கில் அளப்பவர்.

சாப்பாட்டு அறை ஜன்னலில் தூறல் கோடு கோடாக வழிந்தது. தூங்குமூஞ்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடும்போதாவது கழுத்துல இருக்கிற ஹெட்செட்டைக் கழட்டேன்டி. கூடவே பொறந்ததா?"

"இருக்கட்டுமே. நீ பேசு."

வாயாடிக்குச் சொல்லவா வேண்டும்!

"அந்தக் கிழம் ஞாபகம் இருக்கா? தினமும் சாப்பாட்டு நேரமாப் பாத்துக் கூப்பிட்டு, 'நெட் வருதான்னு பாரும்மா'ன்னு கேக்குமே? அது நல்லாத்தான் வந்துட்டிருக்கும்! அந்த ஆளால ஸ்டாப்வாட்ச்கிட்ட எவ்வளவு திட்டு வாங்கினேன்! ஒருநாள் விட்டேன் பாரு, 'உங்களுக்கு வேற வேலையே இல்லையா?'ன்னு. அன்னிக்கோட சரி. ஆளையே காணோம்."

தூங்குமூஞ்சியின் சிரிப்பு நின்றது.

"அதை விடுடி. நேத்து மேட்ச் என்னாச்சு? நான் பாதியில தூங்கிட்டேன்."

"ஐயோ, அதையா விட்ட!" வாயாடி ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேஜை நடுவில் வைத்தாள். "கடைசி நிமிஷம். நமக்குப் பெனால்டி. கேப்டன் பந்தை வெச்சிட்டு மெதுவா பின்னாடி போறான். கோல்கீப்பர் ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறான். அவ்வளவு கூட்டமும் மூச்சு விடல..."

மழைச் சத்தம்கூட தூரத்துக் கூட்டத்தின் இரைச்சல் போலக் கேட்டது.

"கேப்டன் அப்படியே ஓடி வந்து..."

சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

தூங்குமூஞ்சியின் ஹெட்செட் ஓரத்தில் பச்சை விளக்கு. பச்சை எரிந்தால் லைனில் ஆள் இருக்கிறது, வாயை அடக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தந்த பாடம்.

"அடிப்பாவி! லைன்ல யாரு? ஸ்டாப்வாட்சா? நான் பேசினதெல்லாம் கேட்டுட்டா இருக்கார்? எங்க வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்னு தெரிஞ்சுமாடி இப்படி..."

"கத்தாத. ஸ்டாப்வாட்ச் இல்ல." தூங்குமூஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தத் தாத்தா."

"எந்தத் தாத்தா?"

"நீ திட்டினியே, அவர்தான். தினமும் இந்த நேரத்துக்கு என் ஃபோன்லேர்ந்து நானே கூப்பிடறேன். வீட்டுல தனியா இருக்கார். பக்கத்துல யாராவது பேசற சத்தம் கேட்டாத்தான் ரெண்டு வாய் இறங்குமாம். உன்கிட்ட சொல்லாதது தப்புதான்."

வாயாடி பச்சை விளக்கையே பார்த்தாள்.

"அப்போ... இப்ப நான் சொன்னது?"

"கேட்டிருப்பார்."

வாயாடி ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்தாள்.

"தாத்தா, நான்... வந்து..."

மறுமுனையில் தட்டில் கரண்டி உரசும் சத்தம். அதுவும் நின்றது.

"ஏம்மா நிறுத்திட்ட? ஓடி வந்து... அப்புறம்?"