உள்ளே இருந்த சாமான்கள்

லோரியிலிருந்து இறங்கிய சாமான்களைப் பார்த்ததும் தனலெட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது.

புது ஃபிரிட்ஜ். புதுக் கட்டில். பிரிக்காத அட்டைப் பெட்டியில் இன்னும் ஏதோ ஒன்று. பக்கத்தில் நின்று, பார்த்துத் தூக்கும்படி ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஜோசஃபின்.

செந்தூலில் இருந்த அந்த அடுக்குமாடியில் தனலெட்சுமிக்குச் சொந்தமாக ஒரு வீடு. அவர் குடியிருப்பது ஸ்ரீ கெம்பாங்கானில். செந்தூல் வீட்டை உஷாராணி குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அடுத்த வீட்டில், வேறொருவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, மகளோடு தனியாக இருந்தாள் ஜோசஃபின். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மீட்டர் பெட்டியில் தீப்பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள் மிஞ்சியதும் ஒன்றுமில்லை.

உஷாராணி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். கணவன் ராதாகிருஷ்ணன் முதுகு வலியால் வேலைக்குப் போக முடியாமல் இருந்ததால், அவளுடைய தையல் மெஷின்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. அதுவும் கருகிப்போனது.

வீட்டுக்கு எடுத்திருக்கும் இன்சூரன்ஸில் தங்கள் சாமானுக்கும் ஏதாவது கிடைக்குமா என்று உஷாராணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். தனலெட்சுமி ஏஜண்ட் வேலாயுதத்துக்கு போன் போட்டார். சுவர், கதவு, ஜன்னல் இதெல்லாம்தான் வீட்டுக்காரர் இன்சூரன்ஸில் சேரும், உள்ளே இருக்கும் சாமானுக்குக் குடியிருப்பவர்கள் தனியாக எடுத்திருக்க வேண்டும் என்றார் அவர்.

"போன வருஷமே சொன்னேனே அக்கா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கன்னு."

சொன்னது உண்மைதான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு எதற்கு இன்சூரன்ஸ், இருப்பதே நாலு சாமான் என்று தனலெட்சுமிதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதை உஷாராணியிடம் அவர் சொல்லவில்லை. கிடைக்காதாம் என்று மட்டும் சொன்னார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"அந்த மெஷினையாவது தூக்கிட்டு ஓடி வந்திருக்கக் கூடாதா? அந்த நேரத்துக்குப் புத்தி வேலை செய்ய வேணாமா?"

உஷாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்சூரன்ஸ் பணத்தில் வீடு பெயிண்ட் வாசனையோடு புதுசாகிவிட்டது. உஷாராணி குடும்பம் திரும்பி வந்து வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்தது. தனலெட்சுமிக்கும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தன் வீட்டில் கிடந்த பழைய மெத்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்ததைக் கோயிலில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார்.

ஜோசஃபினுக்கு அந்தக் கஷ்டமில்லை. முன்பு கிள்ளானில் குடியிருந்தபோது வெள்ளத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவள் அவள். அந்தப் பாடு மறக்காமல், இங்கே வந்ததும் சாமானுக்கென்று தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தாள். அவளுக்குப் பணம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்தே தனலெட்சுமிக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சல்.

இப்போது அது வெளியே வந்துவிட்டது.

"இன்சூரன்ஸ் இருந்தா எல்லாம் புதுசுதான் லா. பக்கத்து வீட்டுல தரையில படுத்துக் கெடக்குறாங்க, அது உன் கண்ணுக்குத் தெரியலையாம்மா?"

ஜோசஃபின் வாயைத் திறப்பதற்குள், எந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று லோரி ஆள் கேட்டான். அவள் சொன்ன எண்ணைக் கேட்டு தனலெட்சுமி திடுக்கிட்டார். அது அவருடைய வீட்டு எண்.

"உஷா அக்காவுக்குத்தான் ஆன்டி," என்றாள் ஜோசஃபின். "பெட்டியில இருக்கிறது தையல் மெஷின்."

தெரிந்தவர்கள் கொடுத்த பழைய ஃபிரிட்ஜும் கட்டிலும் தனக்குப் போதும் என்றாள். சாயங்காலம் வேலாயுதத்தை வரச் சொல்லியிருப்பதாகவும், இந்த முறை உஷாராணியின் சாமானுக்கும் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்றும் சொன்னாள்.

தனலெட்சுமி கையில் இருந்த பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார். அந்தப் பணம் உன்னுடைய சாமான் எரிந்ததற்குக் கொடுத்ததாயிற்றே, பக்கத்து வீட்டுப் பழக்கத்துக்காக யாராவது இவ்வளவு செய்வார்களா என்று கேட்டார்.

ஜோசஃபின் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

தீப்பிடித்த அன்றைக்கு அவள் மகள் வலேரிக்கு நல்ல காய்ச்சல். கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை. மருந்தைக் கொடுத்துப் படுக்க வைத்து, வெளியே பூட்டி, சாவியை உஷாராணியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போனாளா என்று நாலு பேர் ஜோசஃபினைப் பேசக்கூடாது என்பதற்காகவே, அன்று நடந்ததை உஷாராணி இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"புகைக்குள்ள பூட்டைத் திறந்து போனது அவங்கதான்," என்றாள் ஜோசஃபின். "அக்கா கையில அன்னைக்கு மெஷின் இருந்திருந்தா, என் பிள்ளை இன்னைக்கு இருந்திருக்காது ஆன்டி."